செயலாளர் மகளின் கச்சேரி

தம்பி, இது ஜி வரிசைதானுங்களே? அப்பச் சரி. காலைக் கொஞ்சம் நகத்துனீங்கன்னா உள்ள வந்துருவேன். ஆங், போதும். அட, நீங்க தமிழுங்களா? நல்லதாப் போச்சு. வாசல்ல டிக்கெட் பாக்கற பொண்ணு கன்னடத்துல என்னமோ கேட்டுச்சு, நான் தமிழ்ல என்னமோ சொன்னேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல. சிரிச்சுட்டு உள்ள விட்டுருச்சு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம எப்படி உக்காந்திருக்கறதுன்னு பஸ்ல வர்றப்பவே கவலையா இருந்துச்சுங்க.

பேரு சென்னியப்பன். கோயமுத்தூரு. பம்ப்செட்டு கம்பெனி வெச்சிருக்கேன். இப்ப மேடைக்கு வரப் போறாங்களே ஒரு குரூப்பு, அதுல பாடற பொண்ணு தாரிணி. என்ர மக.

மெதுவாப் பேசுங்க தம்பி. நான் வந்திருக்கறது அவளுக்குத் தெரியாது. சொல்லிட்டு வரலாம்னா எங்க சொல்றது? எட்டு மாசமா என்ர போனை எடுக்கறதில்லை. அவ அம்மாகிட்ட மட்டும் வாரம் தவறாமப் பேசுவா. எங்கூட்டம்மா பேரு வசந்தாமணி. பேசிட்டே இருக்கறப்ப "இந்தா, அப்பா பக்கத்துலதான் இருக்கறாரு"ன்னு போனை நீட்டுவா. நான் வாங்கிக் காதுல வெக்கறதுக்குள்ள கட்டாயிரும். ஒரு தடவை வசந்தாமணி போன்ல இருந்து நானே கூப்புட்டேன். "சொல்லும்மா"ன்னா. "பாப்பா"ன்னேன். வெச்சுட்டா.

ஒரே புள்ளைங்க. வெச்சுட்டா.

வசந்தாமணிதான் இந்த டிக்கெட்டைப் போட்டு அனுப்புனது. "ஏனுங்க, போய் முழுசாக் கேட்டுட்டு வாங்க. அவ எதுத்தாப்ல போயி நிக்காதீங்க. அங்க ஆரு வந்தாங்க ஆரு போனாங்கன்னு பாத்துட்டுத் திரியாதீங்க. கேளுங்க, அவ்வளவுதான்"னா. நான் என்ன சின்னக் கொழந்தையான்னு கேட்டேன். டிபன் கட்டப் போயிட்டா.

இங்க பாருங்களேன், ஒரு குத்துவெளக்கு இருக்குதா? வாசல்ல சந்தனம் கல்கண்டு நீட்ட ஒரு ஆளு? வர்றவங்க பாட்டுக்கு வர்றாங்க, அவங்கவங்களே எடத்தைத் தேடிக்கறாங்க. அதோ அந்தப் பெரியவரு தடவித் தடவிப் படி எறங்கறாரு, கையைப் புடிக்க ஒருத்தரு இல்லை. எங்க சபாவுல இப்படி நடந்தா அடுத்த நாள் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க.

இருபது வருசத்துக்கு மேல எங்க சபாவுக்கு நான்தானுங்க செயலாளரு. கம்பெனி அது பாட்டுக்கு ஓடும், சபா ஓடாது. கார் நிறுத்தறதுல இருந்து வித்வானுக்கு வெந்நீர் வெக்கற வரைக்கும் நாமதான் நிக்கோணும். ஆருக்கு எந்த வரிசை, ஆரு பக்கத்துல ஆரை உக்கார வெக்கக் கூடாது, எல்லாம் நம்ம தலைலதான் இருக்கும். செயலாளரு உக்காந்து கச்சேரி கேட்டாருன்னு நான் எங்கயும் கேள்விப்பட்டதில்லை.

பாப்பாவோட மொத மேடையும் எங்க சபாவுலதான். சின்னப் புள்ளை, பட்டுப் பாவாடை. அவ உள்ள வர்ணம் பாடறா, நான் வெளிய கலெக்டர் காரைப் பாத்துட்டு நிக்கறேன். கலெக்டரு வர்றதுக்கும் அவ மங்களம் பாடறதுக்கும் சரியா இருந்துச்சு. முடிஞ்சதும் ஓடி வந்து, "அப்பா, எப்படி இருந்துச்சு?"ன்னா. "பிரமாதம் கண்ணு, நிக்க எடமில்லை, அவ்வளவு கூட்டம்"னேன். அப்பறம் அவ எத்தனை மேடை ஏறுனாளோ அத்தனைக்கும் நான்தான் ஓடியாடி எல்லாம் பாத்தேன். எந்த அப்பனுங்க இப்படிப் பண்ணுவான்?

அப்பறம் லண்டனுக்குப் படிக்கப் போனா. அங்க இந்தக் கூட்டம் சேந்துச்சு. ஜாஸ்ங்கறாங்க, சோல்ங்கறாங்க, ஆப்பிரிக்கா தாளம்ங்கறாங்க. டிரம்மு வாசிக்கற பையன் பேரு சேக்கூ, மாலி தேசம். பெரிய சொரைக்காய்க் குடுக்கையைக் கவுத்து வெச்சுட்டு ரெண்டு கையாலயும் தட்டுவான், அடிவயித்துல வந்து விழும். சாக்ஸபோன் ஊதற பொண்ணு தென்னாப்பிரிக்கா. இவங்களுக்கு நடுவுல என்ர மக நின்னுட்டுப் பாடறா. மொதல்ல வீடியோ அனுப்பிச்சப்ப எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க. சுருதிப் பொட்டி இல்லை, பல்லவி எது சரணம் எதுன்னு இல்லை. தொண்டையத் தேச்சுப் பாடறா, திடீர்னு பேசற மாதிரிப் பாடறா, திடீர்னு எங்க அம்மா தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி ஒரு முனகல். ஆனா கொரல் அவ கொரல்தான். அதுல எனக்குப் பெருமைதானுங்க. இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?

போன வருசம் அவளா போன் பண்ணா. "அப்பா, இந்தியா முழுக்க சுத்தறோம். நம்ம சபாவுல பாடோணும்னு ஆசையா இருக்குது"ன்னா. எனக்குத் தலைகால் புரியலை. "ஆனா ஒண்ணுங்கப்பா"ன்னா. "இது வேற மாதிரிக் கச்சேரி. ஒரு பாட்டுல இருந்து இன்னொரு பாட்டுக்குப் போறப்ப அறுந்து போச்சுன்னா திரும்ப ஒட்ட வெக்க முடியாது. அதனால வரவேற்புரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஆரும் மேடை ஏற வேண்டாம். நீங்களும் எந்த வேலையும் பாக்க வேண்டாம். என்ர பாட்டை ஒரு தடவை முழுசாக் கேளுங்கப்பா. எனக்கு அது போதும்"னா. சரின்னேன். வாக்குக் குடுத்தேன். பொய் சொல்லலீங்க, சொல்றப்ப நெசமாத்தான் சொன்னேன்.

இதைக் கமிட்டில எப்படிச் சொல்றது தம்பி? நீங்களே சொல்லுங்க. எங்க சபாவுக்கு எடம் குடுத்தது லட்சுமிபதி ஐயா குடும்பம். மில்லுக்காரரு. எண்பது வயசுக்கு மேல ஆச்சு. எந்தக் கச்சேரின்னாலும் அவருக்குத் தோதுப்படறப்ப வருவாரு. வந்ததும் அவரு கையால வித்வானுக்குப் பொன்னாடை போடோணும், ரெண்டு வார்த்தை பேசுவாரு, அவரு கேக்கற ஒரு பாட்டைப் பாடோணும், கெளம்பிருவாரு. அது நடுக் கச்சேரியா இருந்தாலும் சரி. பெரிய பெரிய வித்வானுங்க எல்லாம் பிடில் வில்லைக் கீழ வெச்சுட்டுக் கும்பிட்டு வாங்கிட்டு மறுபடி எடுத்து வாசிப்பாங்க. ஒருத்தரும் குத்தமாச் சொன்னதில்லை. இவ கச்சேரிக்கே கமிட்டில பாதிப்பேரு ஆகாதுன்னாங்க. "சென்னியப்பன் மகங்கறதுக்காக இந்த மேடைல எதை வேணும்னாலும் ஏத்தறதா?"ன்னு ஒருத்தரு கேட்டே போட்டாரு. ஐயா வர்றாரு, ஐயா கையால மரியாதை உண்டுன்னு சொல்லித்தான் நான் வாயை அடச்சேன். ஐயாகிட்டயும் போயி அழைப்பு வெச்சுட்டு வந்துட்டேன்.

பாப்பாகிட்டச் சொல்லலை. சொன்னா வீணாப் பதறுவா. அஞ்சு நிமிச வேலை. நடக்கறப்ப நடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.

அட, லைட்டை அணைக்கறாங்க. வந்துட்டாங்களா? அதா, அதா அவதான், கத்திரிப்பூக் கலர் பொடவை. எளச்சுட்டா பாத்தீங்களா? வசந்தாமணி சொல்லவே இல்லை. கையைத் தட்டுங்க தம்பி. நான் தட்டுனா சத்தம் வித்தியாசமா இருக்கும், கண்டுபுடிச்சுருவா.

ஆமாங்க, ஆமாங்க, மன்னிச்சுக்குங்க. முன்னாடி இருக்கற அம்மா திரும்பிப் பாக்கறாங்க. மெதுவாவே சொல்றேன். இது மொதப் பாட்டுதான், சும்மா தொண்டையைச் சரி பண்ணிக்கறதுக்குப் பாடறது. எங்க சபாவுலயும் இதைத்தான் மொதல்ல பாடுனா.

அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு எடத்துல கால் நிக்கலீங்க. மண்டபம் ரொம்பிப் போச்சு. முன்னால நாலு வரிசை எங்க சபா மெம்பருங்க. பின்னால பூராவும் காலேஜுப் பசங்க, எங்கிருந்துதான் வந்தாங்களோ. நம்ம மெம்பருங்களுக்குத் தொடைல தாளம் போடாமக் கேக்கத் தெரியாதுங்களே. சேக்கூ தட்டறதோ ஒரு பக்கம் கேட்டா மூணு மூணாப் போகுது, இன்னொரு பக்கம் கேட்டா நாலு நாலாப் போகுது. பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு பேரு ஆளுக்கொரு தாளம் போட்டு, நீ தப்பு நான் சரின்னு மொறச்சுக்கிட்டாங்க. ஒருத்தரு தாளத்தையே விட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டாரு. அவரு கையைக் கட்டுனா கமிட்டில அடுத்த வாரம் பேச்சு வரும்னு அர்த்தம்.

அப்பறம் எல்லாரும் நிறுத்திட்டு சேக்கூ மட்டும் வாசிக்க ஆரம்பிச்சான். ஆரம்பிச்சதுதான் தாமசம், முன்னால நாலு வரிசையும் எந்திரிச்சுக் கேண்டீனுக்குப் போயிருச்சு. தனி ஆவர்த்தனம்னா போண்டா காப்பி நேரம், அது எங்கூர்ல வழக்கமுங்க. ஆரும் அவமரியாதையாப் பண்ணலை. பாவம் அந்தப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? கையை நிறுத்தாம என்ர மகளைப் பாத்தான். அவ குனிஞ்சு காதுல என்னமோ சொன்னா. வாய்விட்டுச் சிரிச்சான். சிரிச்சுட்டு இன்னும் பலமா வாசிச்சான். பின்னால இருந்த பசங்க பூராவும் கத்திட்டு ஓடி வந்து முன்வரிசைல உக்காந்துட்டாங்க.

காப்பி குடிச்சுட்டு வந்தவங்களுக்கு எடம் இல்லை. ஒரே சலசலப்பு. "எந்திரிப்பா, அது என்ர சீட்டு"ன்னு இவங்க, "எழுந்து போனீங்கல்ல"ன்னு அவங்க. நான் ஓடறேன், கையெடுத்துக் கும்புடறேன், நாற்காலி கொண்டாரச் சொல்றேன். மொத வரிசை நடுவுல ஒரு சீட்டுல பச்சைத் துண்டு போட்டிருந்துச்சு. பஸ்ல எடம் புடிக்கப் போடுவோமே, அந்த மாதிரி. அதையும் எடுத்து ஓரமா வெச்சுட்டு அங்க நம்ம மெம்பரு ஒரு வக்கீலை உக்கார வெச்சேன். அந்தத் துண்டைப் போட்டது பாப்பாதான்னு பின்னால வசந்தாமணி சொன்னா. கச்சேரிக்கு முன்னாடி அவளே எறங்கி வந்து எனக்குன்னு போட்டுட்டுப் போனாளாம். போட்டவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா? சொல்லியிருந்தா அங்க வேற ஆரையும் உக்கார வெச்சிருக்க மாட்டேன், ஐயாவைத்தான் உக்கார வெச்சிருப்பேன்.

இந்தா, ரெண்டாவது பாட்டு. இதுல சாக்ஸபோன் நல்லா இருக்கும், கேளுங்க. நானும் கேக்கறேன்.

நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த எடது பக்கத்து ஸ்பீக்கர் பொட்டில ஒரு இரைச்சல் வருது, உங்களுக்குக் கேக்குதுங்களா? ஈ பறக்கற மாதிரி. எனக்கு மட்டும் கேக்குதா? இருபது வருசம் இதையே பாத்த காது. ஒரு ஒயரைச் சரியாச் சொருகுனா நின்னுரும். அங்க ஒரு பையன் சவுண்டு மெசினுக்கு முன்னால உக்காந்திருக்கறானே, அவனுக்குக் கேக்கலையா? செல்லை நோண்டிட்டு இருக்கறான்.

சரி விடுங்க. என்ன சொல்லிட்டிருந்தேன்? ஐயா. ஐயா வரவே இல்லை. டிரைவருக்குப் போன் மேல போன் போடறேன். "கெளம்பிட்டாங்க", "வந்துட்டே இருக்கறோம்", இதே பாட்டு. அவரு சீக்கரமா ஊட்டுக்குப் போய்ச் சாப்புட்டு மாத்திரை போடோணும். லேட்டா வந்தா கோவத்தோடதான் வருவாரு. உள்ள கமிட்டிக்காரங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா இருக்குது. நான் வாசலுக்கும் மேடைக்குமா நடக்கறேன். ஒரு பாட்டோட தல கேக்குது, வால் கேக்கலை. இன்னொண்ணுல நடு மட்டும் கேக்குது.

வாசல்ல நிக்கறப்ப உள்ள பாப்பா மைக்ல என்னமோ பேசறது கேட்டுச்சு. பாட்டு இல்லை, பேச்சு. மண்டபமே அமைதியா இருந்துச்சு. என்ன பேசறான்னு உள்ள போயிக் கேக்கலாம்னு ஒரு அடி எடுத்து வெச்சேன். அதே நேரம் கார் வந்துருச்சுங்க. கதவைத் திறந்து ஐயா கையைப் புடிச்சு எறக்கி, மாலை போட்டு, படி ஏத்திக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பேச்சு முடிஞ்சு பாட்டு ஆரம்பிச்சுருந்துச்சு. என்ன பேசுனான்னு அப்பறம் வக்கீலைக் கேட்டேன். "உங்களைப் பத்தித்தாங்க சொல்லுச்சு. இந்தப் பாட்டே உங்களுக்காகக் கட்டுனதுன்னுச்சு"ன்னாரு. வேற என்ன சொன்னான்னேன். "அதை நீங்க அவகிட்டயே கேட்டுக்கங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. வசந்தாமணியக் கேட்டா அவ அழுகறா. இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க.

ஐயாவைக் கூட்டிட்டு மேடைக்குப் பக்கவாட்டுல போயி நின்னேன். பாட்டு நடக்குது. சேக்கூ குடுக்கையில மெதுவாத் தட்டறான், ஆரோ நடந்து வர்ற மாதிரி. பாப்பா கண்ணை மூடிட்டுப் பாடறா. ஐயா என்னைப் பாக்கறாரு, கைக்கடியாரத்தைப் பாக்கறாரு. நான் "இதோ, முடிஞ்சுருமுங்க ஐயா"ங்கறேன். முடியறதாக் காணோம். கொரல் ஏறுது, ஏறுது, மேல போகுது. எல்லா வாத்தியமும் கூடச் சேந்து ஏறுது. ஐயா போறேன்னு திரும்பிட்டா என்ன பண்றது?

அப்பத்தானுங்க பொசுக்குன்னு எல்லாம் நின்னுச்சு. ஒரு வாத்தியம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. சேக்கூ ரெண்டு கையையும் மேல தூக்கி அப்படியே வெச்சிருக்கறான். அவ கண்ணைத் திறக்கலை. ஆரும் கை தட்டலை. சரி, எப்பத் தட்டறதுன்னு நம்ம சனத்துக்குத் தெரியலைன்னு நெனச்சேன். சபைல அப்படி ஒரு அமைதி விழக் கூடாதுங்களே, அசிங்கமாயிரும். கிடுகிடுன்னு மேடை ஏறி மைக்கைப் புடிச்சு, "மிக மிக அருமை. இப்போது நமது புரவலர் ஐயா அவர்கள் கலைஞர்களைக் கௌரவிப்பார்கள்"ன்னேன்.

நின்னா முடிஞ்சதுன்னுதான தம்பி அர்த்தம்? நிக்கறதும் பாட்டுதான்னு நான் என்ன கனவா கண்டேன்? அந்த எடத்துல நிறுத்திட்டு, அப்பறம் ஒரு வாத்தியமும் இல்லாம அவ மட்டும் பாடறதுதான் அந்தப் பாட்டோட உயிராம். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் ஏறி வந்தாளாம். இதெல்லாம் பின்னால ஒரு காலேஜுப் பையன் எங்கிட்டச் சண்டைக்கு வந்து சொன்னது.

ஐயா வந்தாரு. பாப்பாவுக்குப் பொன்னாடை போட்டாரு. சேக்கூ இன்னும் கையை எறக்கலை, தூக்குன கை மேலயே போட்டுட்டாரு. அப்பறம் மைக் வாங்குனாரு. ரெண்டு வார்த்தைதான் பேசுவாருன்னு நெனச்சேன், அன்னிக்கு அவருக்கு உற்சாகம் வந்துருச்சு. சங்கீதம்னா பக்தி, பக்தி இல்லாதது வெறும் சத்தம், நாம எங்க போனாலும் நம்ம வேரை விடக் கூடாதுன்னு போயிட்டே இருந்தாரு. பின்னால பசங்க கத்த ஆரம்பிச்சாங்க. "பாட விடுங்க, பாட விடுங்க"ன்னு ஒரே கூச்சல். ஐயா மொகம் செவந்து போச்சு. மெம்பருங்க திரும்பிப் பசங்களைத் திட்டறாங்க. ஒருத்தரு எந்திரிச்சு லைட்டை அணைங்கங்கறாரு. கைகலப்பாயிரும் போல ஆயிருச்சுங்க.

அந்த நேரத்துல ஐயா, "இந்தப் பொண்ணு சின்ன வயசுல ஒரு முருகன் பாட்டுப் பாடுமே, அதைப் பாடச் சொல்லப்பா"ன்னாரு. எங்கிட்டச் சொன்னாரு, அவகிட்டச் சொல்லலை. நான் அவளைப் பாத்தேன். அவ அப்பத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. என்ர நெலமை அவளுக்குப் புரியாதுங்களா? "பாப்பா, ஐயா ஆசைப்படறாங்க, ஒண்ணே ஒண்ணு"ன்னேன். மைக்லதான் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு.

பாடுனாளே தம்பி. மறுக்கலையே. பொன்னாடையை எடுத்து மடிச்சுக் கீழ வெச்சா. நேரா நின்னா. வாத்தியம் எதுவும் இல்லாம, ஒரு பிசிறு இல்லாம, சின்ன வயசுல சொல்லிக் குடுத்தது குடுத்தபடி பாடுனா. மத்தவங்க எல்லாம் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. சேக்கூ தலையைக் குனிஞ்சுட்டான், சாமி பாட்டுன்னு மரியாதைக்குக் குனிஞ்சான்னு நெனச்சேன். முடிஞ்சதும் மெம்பருங்க கைதட்டு நிக்கவே இல்லை. ஐயா கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. அன்னிக்கு அந்தக் கச்சேரியைக் காப்பாத்துனது நானா இல்லையா? சொல்லுங்க. நான் மட்டும் மேடை ஏறலைன்னா என்னாயிருக்கும்?

அவ்வளவுதான், கும்புட்டுட்டு உள்ள போயிட்டா. விட்ட பாட்டை மறுபடி எடுக்கலை. உள் ரூமுக்குப் போனேன். பொட்டிய அடுக்கிட்டிருந்தா. "அருமையாப் பாடுன பாப்பா"ன்னேன். "எதைப்பா?"ன்னா. "முருகன் பாட்டைத்தான்"னேன். பொட்டியோட ஜிப்பை இழுத்து மூடுனா. அவ எங்கிட்டப் பேசுனது அதோட சரி. ஊட்ல எல்லாருக்கும் வசந்தாமணி சமைச்சு வெச்சிருந்தா. ஆரும் வரலை. வேன் ஏறறப்ப சேக்கூ மட்டும் என்ர ரெண்டு கையையும் புடிச்சுட்டு, "ஷி வாஸ் வெயிட்டிங் ஃபார் யூ"ன்னான். ஆமாப்பா, எல்லாரும் ஐயாவுக்காகத்தான் வெயிட் பண்ணோம், என்ன பண்றது, பெரிய மனுசன்னு சொன்னேன். அந்தப் பையன் என்ர கையை விட்டுட்டு வேன் ஏறிட்டான்.

என்னங்க, இப்ப எதுக்குக் கை தட்டறாங்க? மேடைல அவ பேசிட்டிருந்தாளா? எப்ப? என்ன சொன்னா தம்பி? நான் உங்ககிட்டச் சொல்லிட்டிருந்தனா, கவனிக்கலை. இங்கிலீசுல என்ன சொன்னா? ஏனுங்க ஒரு மாதிரி பாக்கறீங்க? அப்பறமாச் சொல்லுங்க, மறக்காமச் சொல்லோணும்.

இதுதானுங்க. இதேதான். அந்தக் குடுக்கைச் சத்தம் கேக்குதுங்களா, ஆரோ நடந்து வர்ற மாதிரி? அதே பாட்டு.

ஏறறா பாருங்க.

தம்பி, அந்த இரைச்சல் இன்னும் வந்துட்டே இருக்குது. மத்த நேரம்னா பரவாயில்லீங்க. இப்ப எல்லாத்தையும் நிறுத்துவாங்க, இவ ஒருத்தி மட்டும் பாடோணும். அந்த அமைதில இந்த ஈச்சத்தம் எப்படிக் கேக்கும்? பூராவும் கெட்டுப் போயிரும். அந்தப் பையன் கவனிக்கவே மாட்டேங்கறான். நான் போயித் தோளைத் தட்டிச் சொன்னாப் போதும், நொடில சரி பண்ணிருவான். எங்கூட்டம்மா சொன்னாதான், இருந்தாலும் இது அவளுக்காகத்தானுங்க. என்ர மக இந்தத் தடவையாவது அந்த எடத்தை நல்லபடியாப் பாடோணுமில்ல? பையைப் பாத்துக்குங்க. காலை மட்டும் கொஞ்சம் நகத்துங்க. வேட்டி மாட்டிக்குச்சு. இதோ, போயிட்டு வந்துர்றேன்.

நின்னுருச்சு. எல்லாம் நின்னுருச்சு பாத்தீங்களா, அதே எடம். நான் அப்படியே ஓரமாப் போயி...

என்னுங்க?

ஆரு சொன்னது? மைக்லயா?

"அப்பா, உக்காருங்க"ன்னாளே. தம்பி, கேட்டீங்களா? "அப்பா, உக்காருங்க." கண்ணைத் திறந்து இந்தப் பக்கமே பாத்துச் சொன்னா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பாக்கட்டுமுங்க. சிரிக்கறவங்க சிரிக்கட்டும். உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன். என்னைத்தான சொன்னா? இந்த மண்டபத்துல வேற ஆரு எந்திரிச்சு நின்னாங்க, என்னைத்தான். வசந்தாமணிகிட்டச் சொல்லோணும், பாப்பா எங்கூடப் பேசிட்டான்னு. அவ வாயால அப்பான்னு கேட்டு எட்டு மாசமாச்சுங்க.